முழங்கையில் என் ரத்தத்தையே ஏற்றிக்கொண்ட கதை

டென்னிஸ் மட்டையை நான் கையால் தொட்டதுகூட இல்லை. பள்ளிக்கூடத்தில் த்ரோபால் ஆடியிருக்கிறேன், அதுவும் ஒன்பதாம் வகுப்போடு சரி. அதனால் டாக்டர் சீட்டில் "டென்னிஸ் எல்போ" என்று எழுதிக் கொடுத்தபோது என் வீட்டுக்காரர் வாய்விட்டுச் சிரித்துவிட்டார். "விம்பிள்டனுக்கு எப்பம்மா கிளம்புற?" என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அன்று காலைதான் பேஸ்ட் மூடியைத் திருக முடியாமல் மகளைக் கூப்பிட்டிருந்தேன்.

எனக்கு வேலை ரத்த வங்கியில். திருச்சியில் இருபத்தோரு வருடமாக டெக்னீஷியன். ரத்தம் கொடுப்பவர் கையிலிருந்து பைக்குப் போகும் குழாயில் தேங்கி நிற்கும் ரத்தத்தை ஸ்ட்ரிப்பர் என்ற ஒரு இடுக்கியால் அழுத்தி இழுத்துப் பைக்குள் தள்ள வேண்டும். கிட்டத்தட்டக் கரும்புச்சாறு மெஷினைக் கையால் செய்வது மாதிரி. முகாம் நாளில் எழுபது எண்பது பை வரும், ஒவ்வொன்றுக்கும் மூன்று நான்கு இழுப்பு. அதோடு தீபாவளி நெருங்கும் நேரம், அம்மா வீட்டில் முறுக்கு பிழிந்தது நான்தான். எது காரணம் என்று கேட்டால் இரண்டுமேதான்.

வலி எங்கே என்றால், முழங்கையின் வெளிப்பக்கம் ஒரு எலும்பு துருத்திக்கொண்டு நிற்குமே, அதற்கு ஒரு விரல்கிடை கீழே. விசித்திரமான வலி. உள்ளங்கையை மேல்பக்கமாக வைத்து அரிசிப் பையைத் தூக்கினால் ஒன்றும் தெரியாது, ஆனால் மேசை மேல் இருக்கும் காபி டம்ளரை மேலிருந்து பிடித்து எடுத்தால் உயிர் போகும். துணி பிழிய முடியாது, சாவி திருப்ப முடியாது, யாராவது உற்சாகமாகக் கை குலுக்கினால் கண்ணில் தண்ணீர் வந்துவிடும். டாக்டர் பரிசோதித்த விதமும் எளிமைதான்: கையை நீட்டச் சொல்லி, நடுவிரலை மட்டும் மேலே தூக்கு என்றார், அவர் ஒரு விரலால் அதைக் கீழே அழுத்தினார். "ஐயோ" என்று கத்தினேன். அவ்வளவுதான், முடிவு சொல்லிவிட்டார். எக்ஸ்ரேகூட எடுக்கச் சொல்லவில்லை. அதனாலேயே அவர் மேல் ஒரு மரியாதை வந்தது.

பேரில்தான் டென்னிஸ். 1873-இல் ரூங்கே என்ற ஜெர்மானிய மருத்துவர் இந்த வலியைப் பற்றி முதலில் எழுதியது, எழுதி எழுதிக் கை இழுத்துக்கொள்வதைப் பற்றிய ஒரு கட்டுரையில். ஆக முதலில் இது பேனா பிடித்தவர்களின் நோய். ஒன்பது வருடம் கழித்து, 1882-இல்தான் இங்கிலாந்தில் மோரிஸ் என்பவர் "லான் டென்னிஸ் கை" என்று பேர் வைத்தார், அந்தப் பேர் ஒட்டிக்கொண்டது. நம் ஊரில் இந்த வார்த்தை டீக்கடை வரைக்கும் வந்தது 2004-இல் சச்சினுக்கு வந்தபோது. அடுத்த வருடம் அவர் லண்டனில் ஆபரேஷன் செய்துகொண்டார். அவருக்காவது கனமான மட்டை. எனக்கு ஸ்ட்ரிப்பரும் முறுக்கு அச்சும்.

முதல் மூன்று மாதம் எல்லோரும் செய்வதைத்தான் செய்தேன். ஜெல் தடவினேன், முன்கையில் இறுக்கிக் கட்டும் பட்டை வாங்கிக் கட்டினேன், அம்மா சொன்னபடி நொச்சி இலையை வதக்கி ஒத்தடம் கொடுத்தேன். தை மாதம் வேறொரு இடத்தில் ஸ்டீராய்டு ஊசி போட்டுக்கொண்டேன். சும்மா சொல்லக்கூடாது, மந்திரம் மாதிரி வேலை செய்தது. நான்காம் நாள் துணி பிழிந்தேன். மாடியிலிருந்து இறங்கிவந்து வீட்டுக்காரரிடம் ஈர வேட்டியை ஆட்டிக் காட்டினேன். ஆறு வாரம். அப்புறம் ஒரு நாள் குக்கர் மூடியைத் திறக்கும்போது பளீரென்று வந்தது பாருங்கள், முன்பு இருந்ததைவிட ஒரு பங்கு கூடுதலாக.

இது எனக்கு மட்டும் நடந்த அதிசயம் இல்லை என்று பிறகுதான் தெரிந்தது. ஆஸ்திரேலியாவில் 165 பேரை வைத்துச் செய்து 2013-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இருக்கிறது. ஸ்டீராய்டு போட்டவர்களில் 54 சதவீதம் பேருக்கு ஒரு வருடத்துக்குள் வலி திரும்பிவிட்டது. பொய் ஊசி போட்டவர்களில் 12 சதவீதம் பேருக்குத்தான் திரும்பியது. அதாவது மருந்தே இல்லாத ஊசி போட்டவர்கள் வருடக் கடைசியில் ஸ்டீராய்டு போட்டவர்களைவிட நன்றாக இருந்தார்கள். எனக்கு ஊசி போட்டவர் இதில் ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை. "ஒரு ஊசி போட்டா சரியாப் போயிடும்மா" என்றார், சரியாகவும் போனது, ஆறு வாரத்துக்கு.

ஏன் இப்படி என்றால், இது அழற்சியால் வரும் வீக்கமே இல்லையாம். மணிக்கட்டை மேலே தூக்கும் தசை ஒன்று முழங்கை எலும்பில் தசைநாணாக வந்து ஒட்டுகிறது. அந்த நாண்தான் கெட்டுப்போகிறது. அமெரிக்காவில் நிர்ஷலும் பெட்ரோனும் 1979-இல், ஆபரேஷனில் வெட்டியெடுத்த துண்டுகளை மைக்ராஸ்கோப்பில் பார்த்து எழுதினார்கள்: வீக்கம் என்றால் அங்கே குவிந்திருக்க வேண்டிய செல்களைக் காணோம், நார்கள்தான் ஒழுங்கு கெட்டு நைந்து கிடக்கின்றன. கிணற்றுக் கயிறு உருளையில் உரசும் இடத்தில் பிரி பிரியாக வருமே, அந்த மாதிரி. ஸ்டீராய்டு வீக்கத்துக்கு மருந்து. நைந்த கயிற்றுக்கு அது என்ன செய்யும்?

பிஆர்பி, அதாவது பிளேட்லெட் செறிந்த பிளாஸ்மா, என்கிற யோசனை இங்கேதான் உள்ளே வருகிறது, கேட்கவும் நன்றாகத்தான் இருக்கிறது. தசைநாணுக்கு ரத்த ஓட்டம் குறைவு, அதனால் பழுது பார்க்கும் ஆட்கள் அங்கே சரியாக வந்து சேருவதில்லை. பிளேட்லெட்டை நமக்கெல்லாம் டெங்குவில்தான் தெரியும், எண்ணிக்கை இறங்கினால் பப்பாளி இலையைத் தேடி ஓடுவோம். ஆனால் அதன் வேலை ரத்தத்தை உறைய வைப்பது மட்டும் இல்லை. உள்ளே சின்னச் சின்னப் பைகளில் வளர்ச்சிக் காரணிகள் என்ற புரதங்களை வைத்திருக்கிறது, காயம் பட்ட இடத்தில் அவற்றைக் கொட்டி, செல்களைக் கூப்பிட்டு வேலை வாங்குகிறது. சரி, நம் ரத்தத்திலிருந்தே பிளேட்லெட்டைப் பிரித்துச் செறிவாக்கி, கெட்ட இடத்திலேயே இறக்கிவிட்டால்? நம் ரத்தம்தானே, ஒவ்வாமை பயமும் குறைவு. நான் இருபது வருடமாக மற்றவர்களுக்குச் செய்கிற வேலையின் சின்ன வடிவம்தான் அது. அதனாலோ என்னவோ, கேட்டவுடனே எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது. அந்த நம்பிக்கையை இப்போது கொஞ்சம் சந்தேகமாகத்தான் பார்க்கிறேன்.

ஒன்பதாம் மாதம், ஆடியில், ஒரு கிளினிக்கில் தேதி வாங்கினேன். ஆடியில் போய் ஆரம்பிக்கிறாயே என்று அம்மாவுக்கு வருத்தம். ஒன்பதாயிரம் ரூபாய். படுக்கையில் சேராத சிகிச்சை என்பதால் இன்சூரன்ஸில் கிடைக்காது என்று கைவிரித்துவிட்டார்கள். ஒரு வாரம் முன்பிருந்தே டைக்ளோஃபினாக், புரூஃபன், ஆஸ்பிரின் எதையும் தொடக்கூடாது, அவை பிளேட்லெட்டின் வேலையைக் கெடுக்கும், தாங்க முடியாவிட்டால் பாராசிட்டமால் மட்டும் என்றார்கள். இது சரி. ஆஸ்பிரின் சாப்பிட்டவரிடம் பிளேட்லெட் எடுக்கக்கூடாது என்பது எங்கள் வேலையிலும் உள்ள விதிதான்.

இடது கையிலிருந்து இருபது மில்லி ரத்தம் எடுத்தார் ஒரு சின்னப் பையன். நல்ல கை, ஒரே குத்து. ரத்தம் உறையாமலிருக்கச் சிட்ரேட் கலந்த ட்யூபில் மெதுவாக விட்டான். வேகமாக அடித்தால் பிளேட்லெட் அங்கேயே விழித்துக்கொண்டு கையில் இருக்கும் சரக்கை எல்லாம் கொட்டிவிடும், அது அவனுக்குத் தெரிந்திருந்தது. அதுவரை எல்லாம் சரி. அப்புறம் சென்ட்ரிஃபியூஜில், அதாவது வேகமாகச் சுழற்றி ரத்தத்தைப் பிரிக்கும் மெஷினில், வைத்து மூடியைச் சாத்தினான். இரண்டு நிமிடத்தில் அந்த மெஷின் மேசையோடு சேர்ந்து ஆட ஆரம்பித்தது, பழைய கிரைண்டர் மாதிரி. எதிர்ப்பக்கம் சம எடையில் ட்யூப் வைக்கவில்லை! கட்டிலில் படுத்திருந்த நான் எழுந்து போய் நிறுத்தி, ஒரு காலி ட்யூபில் தண்ணீர் நிரப்பி, எடை பார்த்து எதிரில் வைத்துக் கொடுத்தேன். "அக்கா, நீங்க யாரு?" என்றான் பையன். "நான்தாம்ப்பா பேஷண்ட்டு" என்றேன்.

முதல் சுற்று மெதுவாக. நின்ற பிறகு பார்த்தால் கீழே சிவப்பு, மேலே வைக்கோல் நிறத்தில் பிளாஸ்மா என்ற நீர்ப்பகுதி, நடுவில் கோடு போட்ட மாதிரி வெள்ளையாக ஒரு படலம். பஃபி கோட் என்போம், வெள்ளை அணுக்கள் அங்கேதான் இருக்கும். அந்தப் படலத்தைச் சேர்த்து எடுப்பதா விடுவதா என்பதே ஒரு தனிச் சண்டை. சிலர் வெள்ளை அணுவும் வேண்டும் என்கிறார்கள், சிலர் அது வீணாக வலியைக் கூட்டும் என்கிறார்கள். பையன் கொஞ்சம் எடுத்தான், கொஞ்சம் விட்டான், வேண்டுமென்றே செய்தானா என்று தெரியாது. மேல் பிளாஸ்மாவை வேறு ட்யூபுக்கு மாற்றி, இன்னும் வேகமாக இரண்டாவது சுற்று. இப்போது பிளேட்லெட் எல்லாம் அடியில் படியும், மேலே நிற்பதில் பெரும்பகுதியைக் கொட்டிவிட்டு மிச்சத்தில் கலக்கினால் கிடைப்பதுதான் சரக்கு. மூன்று மில்லி. நல்ல பிளேட்லெட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து மெல்ல ஆட்டினால் உள்ளே பட்டுப்புடவை அசைகிற மாதிரி ஒரு மினுமினுப்பு சுழலும், எங்கள் பைகளைத் தினமும் அப்படித்தான் பார்ப்போம். பழக்க தோஷம், சிரிஞ்சை வாங்கி ஜன்னல் பக்கம் பிடித்துப் பார்த்தேன். மினுமினுப்பு தெரிந்த மாதிரிதான் இருந்தது. மூன்று மில்லியில் அது தெரியுமா, என் ஆசையா என்று இன்றைக்கும் அடித்துச் சொல்ல மாட்டேன்.

டாக்டர் வந்ததும் கேட்டேன், "எத்தனை லட்சம் சார் இருக்கும்?" சாதாரண ரத்தத்தில் மைக்ரோலிட்டருக்கு ஒன்றரை முதல் நாலரை லட்சம் பிளேட்லெட் இருக்கும், பிஆர்பி என்றால் பத்து லட்சமாவது வேண்டும் என்பது ரொம்ப நாளாகச் சொல்லப்படுகிற கணக்கு. அவர் சிரித்தார். "நாலைஞ்சு மடங்கு இருக்கும் மேடம்." எண்ணிப் பார்க்கவில்லை. கவுண்டர் மெஷின் அடுத்த அறையில் இருக்கிறது, ஒரு நிமிட வேலை. ஒரு மாத்திரையை "எத்தனை மில்லிகிராம்?" என்று கேட்டால் "கணிசமா இருக்கும்" என்று யாராவது பதில் சொல்வார்களா? எனக்கு இந்தச் சிகிச்சையில் உள்ள பெரிய மனக்குறையே இதுதான். ஒவ்வொரு கிளினிக்கிலும் ஒவ்வொரு மெஷின், ஒவ்வொரு வேகம், ஒவ்வொருவர் கைப்பழக்கம், எல்லாவற்றுக்கும் ஒரே பேர். முழங்கை, முட்டி, முகம், தலைமுடி என்று பேருந்து நிலையம் வரைக்கும் போர்டு வைத்திருக்கிறார்கள், சிரிஞ்சுக்குள் என்ன இருக்கிறது என்று மட்டும் யாரும் எண்ணுவதில்லை.

ஊசி. தோலை மரத்துப்போக வைத்தார்கள், ஆனால் அது தோலோடு சரி. அல்ட்ராசவுண்டில் பார்த்துக்கொண்டே நாணுக்குள் ஊசியை இறக்கி, கொஞ்சம் வெளியே இழுத்து, கோணத்தை மாற்றித் திரும்ப இறக்கி, ஐந்தாறு இடத்தில் குத்திக் குத்தி விட்டார். இட்லி வெந்துவிட்டதா என்று குச்சியால் குத்திப் பார்ப்போமே, அந்த மாதிரி. இரண்டு பிள்ளை பெற்றவள் நான், பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். அன்று இரவு முழங்கைக்குள் யாரோ அடுப்பு மூட்டிய மாதிரி இருந்தது, தலையணை மேல் கையை வைத்து உட்கார்ந்தே தூங்கினேன். மூன்றாம் நாள் கொஞ்சம் இறங்கியது, பத்தாம் நாள் பழைய வலிக்கு வந்து நின்றது. அதாவது ஒன்பதாயிரம் ரூபாய் கொடுத்துப் பத்து நாள் கழித்துக் கிளம்பின இடத்துக்கே வந்து சேர்ந்தேன்.

இரண்டு வாரம் கழிந்ததும் பிசியோதெரபிக்குப் போகச் சொன்னார்கள். அந்தப் பெண் ரொம்பக் கண்டிப்பு. அரை லிட்டர் தண்ணீர் பாட்டிலைப் பிடித்து, மேசை விளிம்பில் முன்கையை வைத்து, இடது கையால் மணிக்கட்டை மேலே தூக்கிவிட்டு, வலது கையாலேயே மெதுவாக, ஐந்து எண்ணும்வரை கீழே இறக்க வேண்டும். பதினைந்து தடவை, மூன்று சுற்று, தினமும். கொஞ்சம் வலித்தால் பரவாயில்லை, மறுநாள் காலை அதிகமாகியிருந்தால் மட்டும் குறை என்றாள். இரண்டு மாதத்தில் அரை லிட்டர் ஒரு லிட்டரானது. லேபில் ஸ்ட்ரிப்பர் வேலையை ஜூனியர் பெண் எடுத்துக்கொண்டாள். கார்த்திகை தீபத்தன்று மாடியில் விளக்கு வைத்துவிட்டு இறங்கும்போதுதான் உறைத்தது, எண்ணெய்த் தூக்கைக் காலையிலிருந்து வலது கையில்தான் தூக்கிக்கொண்டிருந்தேன்.

ஆக, பிஆர்பி வேலை செய்தது, இல்லையா? லேபில் எல்லோரும் அப்படித்தான் சொல்கிறார்கள். நானும் கொஞ்ச நாள் அப்படித்தான் சொல்லிக்கொண்டு திரிந்தேன். அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து ஆய்வுகளைப் படித்தேன், படிக்காமல் இருந்திருக்கலாம்.

2006-இல் அமெரிக்காவில் மிஷ்ராவும் பாவெல்கோவும் எழுதியதில்தான் இந்தக் கதை சூடுபிடிக்கிறது, அதில் இருந்தது மொத்தமே 20 பேர். 2010-இல் நெதர்லாந்தில் 100 பேர்: பிஆர்பி போட்டவர்களில் 73 சதவீதம் பேருக்கு ஒரு வருடத்தில் வலி குறைந்தது, எதிர் அணியில் 49. பிரமாதம் என்று தோன்றும், எதிர் அணிக்கு என்ன போட்டார்கள் என்று பார்க்கிறவரை. ஸ்டீராய்டு! காலில் முள் தைத்தவனோடு ஓட்டப்பந்தயம் வைத்து ஜெயித்த மாதிரி. 2013-இல் டென்மார்க்கில் 60 பேரை மூன்றாகப் பிரித்து பிஆர்பி, ஸ்டீராய்டு, வெறும் உப்புத்தண்ணீர் என்று போட்டார்கள், மூன்று மாதத்தில் வலியில் மூன்றுக்கும் வித்தியாசம் இல்லை. 2014-இல் 230 பேரை வைத்துச் செய்ததில் 24 வாரத்தில் பிஆர்பிக்கு 84 சதவீதம் வெற்றி என்று வந்தது, ஆனால் மரத்துப்போகும் மருந்தோடு வெறுமனே குத்தப்பட்டவர்களுக்கும் 68 சதவீதம் வந்தது. கடைசியாக 2021-இல், மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி அலசும் காக்ரேன் குழு 32 ஆய்வுகளை, 2,337 பேரை, ஒன்றாகச் சேர்த்து அலசிவிட்டு, ரத்தமோ பிஆர்பியோ டென்னிஸ் எல்போவில் சொல்லிக்கொள்ளும்படியான பலன் தருவதாகத் தெரியவில்லை என்று எழுதிவிட்டது.

(விளையாட்டு ஊக்கமருந்துத் தடுப்பு அமைப்பு 2010-இல் தசைக்குள் பிஆர்பி போடக்கூடாது என்று தடை விதித்து, அடுத்த வருடமே அதை எடுத்துவிட்டது. திறமையைக் கூட்டும் என்பதற்கு ஆதாரம் இல்லையாம். நடால், டைகர் வுட்ஸ் எல்லாம் போட்டுக்கொண்டவர்கள்தான், கிளினிக் சுவரில் இந்த மாதிரிப் பேர்கள்தான் தொங்கும், காக்ரேன் தொங்காது.)

இன்னொரு கணக்கும் இருக்கிறது. இந்த நோய் பத்துப் பேரில் எட்டு ஒன்பது பேருக்கு ஒன்றிரண்டு வருடத்தில் ஊசியே இல்லாமல் போய்விடும். எனக்குச் சரியானது பதின்மூன்றாம் மாதம். வலி உச்சியில் இருக்கும்போதுதான் நாம் ஒன்பதாயிரத்தைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறோம், உச்சிக்கு அப்புறம் இறக்கம்தானே, அந்த இறக்கத்துக்கான பேரை ஊசி வாங்கிக்கொள்கிறது. ஸ்ட்ரிப்பரை விட்டது, தண்ணீர் பாட்டில், குத்திக் குத்தி நாணைக் கிளறிவிட்டது, இல்லை வெறும் நாள் ஓட்டம், இதில் எது சரியாக்கியது என்று தெரியாது. எனக்கு ஒரே ஒரு வலது கைதான் இருக்கிறது, ஊசி போடாமலும் அதையே வைத்துப் பார்க்க வழியில்லை.

ஆனாலும் ஒன்று சொல்கிறேன், ஏமாந்துவிட்டேன் என்றும் தோன்றவில்லை. "ஒன்றும் செய்யாதே, ஒரு வருடம் பொறு" என்று ஒருவர் சொன்னால் மனசு கேட்காது. ஊசி போட்ட பிறகு, ஒன்பதாயிரம் வீணாகிவிடக் கூடாதே என்ற பயத்தில்தான் அந்தப் பாட்டில் பயிற்சியை ஒரு நாள் விடாமல் செய்தேன். அதற்கு முன்பு வேறொரு பிசியோ சொன்னதை நாலு நாளில் விட்டவள்தான் நான்.

இப்போது யாராவது வந்து "அக்கா, போட்டுக்கலாமா?" என்று கேட்டால் திருப்பி நான் கேட்பது, எத்தனை மாதமாக வலி, என்ன வேலை, ஸ்டீராய்டு போட்டாயா, மூன்று மாதம் ஒழுங்காகப் பயிற்சி செய்தாயா. மூன்று மாதம் என்றதும் பாதிப் பேர் பேச்சை மாற்றிவிடுவார்கள். அதையும் தாண்டிப் போடுவதென்றால், சிரிஞ்சிலிருந்து ஒரு சொட்டு எடுத்து எண்ணிக் காட்டச் சொல் என்பேன். இதுவரை யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.

எழுத வந்ததற்குக் காரணமே வேறு. வலது கையைக் காப்பாற்றுகிறேன் என்று எல்லாவற்றையும் இடது கையில் தூக்கியதில், வைகாசியிலிருந்து இடது முழங்கையில் அதே இடம், அதே பளீர். இந்தத் தடவை ஊசி வேண்டாம், பாட்டில் மட்டும் என்று முடிவு செய்து ஏழு வாரம் ஆகிறது. அரை லிட்டரில்தான் நிற்கிறேன். நேற்றுத் தோசை திருப்பும்போது கரண்டி கையிலிருந்து விழுந்தது. கிளினிக் நம்பரை போனிலிருந்து அழிக்கலாம் என்று இரண்டு தடவை எடுத்தேன், இரண்டு தடவையும் அழிக்கவில்லை.